மருந்து கேட்டதா? – கீழாநெல்லியை முன்வைத்துச் சில கேள்விகள்

1

மருந்து 'வேலை செய்கிறது' என்பது எழுத்துத் தமிழ். ஊர்ப்பேச்சில் மருந்து 'கேட்கிறது'. 'இங்கிலீஷ் மருந்து கேக்கல, நாட்டு மருந்துக்குத்தான் கேட்டுச்சு' என்கிறார்கள். நோய் ஏதோ அடங்காப் பிள்ளை மாதிரியும் மருந்து அதட்டுகிற பெரியவர் மாதிரியும் அமைந்துவிட்ட வழக்கு. கேட்டல் என்ற இதே வினைக்கு வினவுதல் என்றொரு பொருளும் உண்டு. சித்த மருத்துவம் குறித்து நம் சூழலில் நடக்கிற பேச்சுக்களில் முதல் பொருள் தாராளமாகப் புழங்குகிறது. 'கேட்கும், கேட்கும்' என்று ஆயிரம் பேர் சொல்கிறார்கள். இரண்டாவது பொருளில் கேட்கிறவன் உடனே ஒரு முகாமுக்குள் தள்ளப்படுகிறான். 'கேட்குமா?' என்றால் அலோபதிக்காரன், மருந்துக் கம்பெனியின் கைக்கூலி, தமிழ்த் துரோகி. 'ஒருவேளை கேட்கலாமே' என்றால் பழமைவாதி, மூடநம்பிக்கைக்காரன்.

இரண்டு முகாமுக்கும் வெளியே ஒருவன் நிற்கிறான். நோயாளி. 'கேட்குமா?' என்பது முதலில் அவனுடைய கேள்வி. அதை அவனிடமிருந்து யார் யார் எப்படிப் பிடுங்கிக்கொண்டார்கள் என்பதைக் கீழாநெல்லி என்ற ஒரே ஒரு செடியை வைத்துப் பார்க்க முயல்கிறேன். 'மாற்று மருத்துவம்' என்று ஒட்டுமொத்தமாகப் பேசுவதில் எனக்கு ஆர்வமில்லை. அக்குபங்சர், ஹோமியோபதி, சித்தம், மலர் மருத்துவம் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது, அலோபதியை நடுவில் உட்காரவைத்து மிச்சத்தையெல்லாம் 'மற்றவை' என்று ஒதுக்குகிற அதே அதிகாரத்தின் காரியம். மாற்று என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்களும் அந்தப் பிரிவினையை ஒத்துக்கொண்டேதான் பேசுகிறார்கள்.

2

1980களிலும் 90களிலும் இந்தப் பிரச்சினை நம் கோட்பாட்டு விவாதங்களுக்குள் நுழைந்த பாதையை நினைவுபடுத்திக்கொள்வது அவசியம். மருத்துவமனையின் பிறப்பு குறித்து ஃபூக்கோ 1963இல் எழுதியது, மருத்துவமே நோயை உற்பத்தி செய்கிறது என்று இவான் இலிச் 1975இல் வாதிட்டது, அதே ஆண்டில் ஃபெயராபெண்ட் விஞ்ஞான முறை என ஒன்று கிடையாது என்று சொல்லி, சீனத்தில் மரபு மருத்துவத்துக்குக் கட்சி உயிர்கொடுத்ததை உதாரணம் காட்டியது – இவையெல்லாம் கைக்குக் கை மாறி வந்தன. சென்னையிலிருந்து பிபிஎஸ்டி குழுவினர் கொண்டுவந்த ஆங்கில இதழ், இந்திய மரபு அறிவை அதன் சொந்த அடிப்படைகளில் வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்றது. அறிவும் அதிகாரமும் பிரிக்க முடியாதவை, ஒவ்வொரு சொல்லாடலும் தனக்கான உண்மையைத் தானே கட்டமைத்துக்கொள்கிறது என்ற முடிவுகள் நமக்கு வந்து சேர்ந்தன.

இவற்றில் நியாயம் இருந்தது. காலனிய அரசு நாட்டு வைத்தியரைப் பதிவேட்டுக்கு வெளியே நிறுத்தியது கற்பனை இல்லை. 1921இல் சென்னை அரசாங்கம் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைத்தது. 1923இல் அது அறிக்கை தந்தது. குழுவின் செயலாளர் சீனிவாசமூர்த்தி மேலைமுறையில் பயின்ற டாக்டர். சுதேசி மருத்துவ முறைகள் விஞ்ஞானபூர்வமானவைதாம் என்று அவர் விரிவாக வாதிட்டார். ஆனால் அந்த வாதம் பெரும்பாலும் தரிசனங்களின் வழியாகவே நடந்தது என்பது கவனத்திற்குரியது. 'இந்த மருத்துவத்துக்குத் தத்துவம் உண்டா?' என்று கேட்கப்பட்டது. 'உண்டு' என்று நிறுவப்பட்டது. 'இந்த மருந்து இந்த நோய்க்குக் கேட்கிறதா?' என்ற கேள்வி பக்கத்து அறையிலேயே உட்கார்ந்திருந்தது. நூறு வருஷமாகியும் அதை உள்ளே கூப்பிட்ட பாடில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தத்துவத்தையும் சுவடியையும் வைத்து மருத்துவத்தைக் காப்பாற்றப் புறப்பட்டபோது, தத்துவமும் சுவடியும் இல்லாத மருத்துவர்கள் கழன்று விழுந்தார்கள். நாவிதர், மருத்துவச்சி, பச்சிலை தெரிந்த கிழவி. கல்லூரி வந்தது, பட்டம் வந்தது; பரம்பரை நாவிதர் 'போலி வைத்தியர்' ஆனார். கீழாநெல்லியை வேலியோரத்திலிருந்து பிடுங்கிவந்து மோரில் அரைத்துக் கொடுத்தவர்களில் ஏட்டைப் புரட்டியவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? 'நம் மரபு' என்று இன்று மேடையில் சொல்லப்படுவது ஏற்கனவே ஒரு சாதி வடிகட்டியில் இறங்கி வந்த மரபு.

நமது கோட்பாட்டாளர்கள் காலனிய அதிகாரத்தைச் சரியாக அடையாளம் கண்டார்கள். ஆனால் அந்த ஆவேசத்தில், 'பலன் உண்டா?' என்று கேட்பதே மேற்கின் கேள்வி என்று முடிவுகட்டிவிட்டார்கள். நான் மறுப்பது இந்த இடத்தைத்தான்.

3

கீழாநெல்லிக்கு வருகிறேன். காமாலைக்குக் கீழாநெல்லி என்பது தமிழ்நாட்டில் வாதத்துக்கு அப்பாற்பட்ட உண்மை. பெரியார் தொண்டர் முதல் பிரதோஷத்துக்குப் போகிறவர் வரை இதில் ஒரே கட்சி. 'எங்க வீட்லயே மூணு பேருக்குக் கேட்டுச்சு' என்பார்கள். பொய் சொல்லவில்லை; மூன்று பேருக்கும் சரியாகத்தான் போயிருக்கும்.

ஆனால் காமாலை ஒரு நோயின் பெயரா? கண்ணும் சிறுநீரும் மஞ்சளாவது ஒரு குறி. அந்தக் குறிக்குப் பின்னால் பல நோய்கள் உண்டு. அசுத்தத் தண்ணீரால் வருகிற ஹெபடைட்டிஸ் ஏ, ஈ, ரத்தத்தாலும் தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவுகிற பி, எலிக்காய்ச்சல், சாராயத்தில் சுருங்கிய ஈரல், பித்தநாளத்தை அடைக்கிற கல், கணையத்தில் கட்டி, காசநோய் மாத்திரையின் பின்விளைவு. இவற்றில் ஏ, ஈ இரண்டும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றுகிற ஹெபடைட்டிஸ் பி கூட நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் தானாக விலகிவிடுகிறது. இந்த நாட்களில் கீழாநெல்லி தின்றவனுக்கும் சரியாகும், கரும்புச்சாறு குடித்தவனுக்கும் சரியாகும், மந்திரித்துக் கயிறு கட்டியவனுக்கும் சரியாகும். மூன்றுக்கும் சாட்சிகள் கிடைப்பார்கள். தின்னாமலே சரியானவன் மட்டும் சாட்சி சொல்ல வரமாட்டான். அவனிடம் சொல்வதற்குக் கதை இல்லை.

தானாக இறங்காத காமாலைகளில்தான் விஷயம் இருக்கிறது. என் உறவில் பெரியவர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர். வலியில்லை, காய்ச்சலில்லை, கண் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு, மலம் வெளுத்துப்போயிருந்தது. முதலில் போனது பட்டம் பெற்ற ஆங்கில மருத்துவரிடம்தான். அவர் ஒரு லிவர் டானிக் எழுதிக்கொடுத்துவிட்டு, 'காமாலைக்கு எங்ககிட்ட மருந்து இல்லைங்க, நாட்டு மருந்து பாருங்க' என்று அனுப்பிவைத்தார். ஏழு வாரம் கீழாநெல்லி, உப்பில்லாப் பத்தியம். அப்புறம் ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி தெரிந்தது. அறுவைக்கு நேரம் கடந்துவிட்டது. முன்பே பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். அந்த நோய் அப்படிப்பட்டது. ஆனால் அந்த ஏழு வாரம் அவருடையது. அதைத் தின்றது செடி இல்லை. 'காமாலை' என்ற சொல்லுக்கு மேல் எதையும் கேட்கத் தேவையில்லை என்று இரண்டு மருத்துவமும் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தம்.

இந்த ஒப்பந்தத்தில் அரசும் ஒரு பங்காளி. 1955–56இல் டில்லியில் யமுனைத் தண்ணீரில் சாக்கடை கலந்து ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அது ஹெபடைட்டிஸ் ஈ என்பது வெகுகாலத்துக்குப் பிறகு, சேமித்து வைத்திருந்த ரத்தத்தைச் சோதித்தபோது தெரியவந்தது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இந்தக் கிருமி தாக்கினால் நான்கைந்து பேரில் ஒருத்தி சாகும் அளவுக்குக் கொடுமையானது. இன்றும் நம் ஊர்களில் குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்து காமாலை வந்தால் தெருவே கீழாநெல்லி தேடுகிறது. குழாயை யாரும் தேடுவதில்லை. 'நம்மிடம் மருந்து இருக்கிறது' என்ற பெருமிதம் நகராட்சிக்கு எவ்வளவு சௌகரியம் என்று யோசித்துப் பார்க்கலாம்.

4

கீழாநெல்லி சோதிக்கப்படவே இல்லை என்று யாரும் குறைசொல்ல முடியாது. அதற்குக் கிடைத்த கவனம் வேறெந்தத் தமிழ்ப் பச்சிலைக்கும் கிடைத்ததா என்பது சந்தேகம். ஹெபடைட்டிஸ் பி கிருமியின் மேலுறைப் புரதத்தைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கே இதில் இறங்கினார். ஃபிலடெல்ஃபியாவில் அவரும் வெங்கடேஸ்வரன், மில்மன் ஆகியோரும் கீழாநெல்லி இனத்துச் செடியின் சாற்றைச் சோதனைக்குழாயிலும் விலங்குகளிலும் ஆராய்ந்து 1987இல் வெளியிட்டார்கள். 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும் புளூம்பெர்க் குழுவினரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 'லான்செட்' இதழில் வந்தது. கிருமியைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 30 நாள் மருந்து. பிறகு பார்த்தபோது மருந்து உண்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்திருந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. 59 விழுக்காடு எங்கே, 4 விழுக்காடு எங்கே! தமிழ்நாடு கொண்டாடியதில் ஆச்சரியமில்லை. கட்டுரையே தன்னை ஆரம்பகட்ட ஆய்வு என்று சொல்லிக்கொண்டது மட்டும் கொண்டாட்டத்தில் காணாமல் போயிற்று.

பிறகு வந்தவற்றைப் பற்றி நாம் பேசுவதில்லை. 1990இல் தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், பலனில்லை. 1991இல் நெதர்லாந்தில் இருந்து அதே முடிவு. 1994இல் நியூஸிலாந்திலிருந்தும் அதே. 2011இல் காக்ரேன் குழு இந்தச் செடியினத்தைப் பற்றிய சோதனைகளையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது, வெற்று மருந்தைவிட மேலானது என்று நம்புவதற்குப் போதிய சான்று இல்லை என்றது. மற்ற மருந்தோடு சேர்த்துக் கொடுத்த ஆய்வுகளில் கொஞ்சம் நம்பிக்கை தெரிந்தாலும், அவை நடத்தப்பட்ட விதம் சரியில்லை என்றும் சொன்னது. முதல் செய்தி எல்லா மேடையிலும் இன்றைக்கும் ஒலிக்கிறது. அடுத்த நான்கையும் குறிப்பிட்ட மேடையை நான் பார்த்ததில்லை.

இதற்கிடையே 1987இல் ஃபிலடெல்ஃபியா நிறுவனம் கீழாநெல்லிச் சாறு குறித்து அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது. 1995இல் மஞ்சளுக்கு அங்கே காப்புரிமை கொடுக்கப்பட்டு 1997இல் இந்தியா வழக்காடி ரத்து செய்யவைத்ததை ஒட்டி 'உயிரியல் கொள்ளை' என்ற சொல்லாடல் இங்கே பெருகியபோது கீழாநெல்லியும் அந்தப் பட்டியலில் ஏறியது. கொள்ளையை எதிர்த்தது சரி. ஆனால் அந்த எதிர்ப்பு கூடவே ஒரு காரியம் செய்தது. 'வெள்ளைக்காரனே திருடுறான்னா அதுல என்னமோ இருக்கத்தானே செய்யும்' என்று, திருட்டே பலனுக்குச் சான்றாயிற்று. காலனியத்தை எதிர்த்தவர்கள் மதிப்பை நிர்ணயிக்கும் உரிமையை மறுபடியும் அவனிடமே கொடுத்தார்கள். காப்புரிமை அலுவலகம் புதுமையைப் பார்க்கும். நோயாளி பிழைத்தானா என்று பார்க்காது. திருடுபோன பெட்டியில் பணம் இருந்ததா என்பதைத் திருடன் ஓடிய வேகத்தை வைத்துத் தீர்மானிக்க முடியுமா?

5

இனி, ஒப்பிட்டுச் சோதிக்கிற முறை யாருடையது என்ற கேள்வி. மேற்கினுடையது, ஆகவே அதிகாரத்தினுடையது என்பது நம்மவர்களின் விடை. சென்னைச் சேத்துப்பட்டில் நடந்த ஒரு காரியம் இந்த விடையைக் கலைக்கிறது.

1950களில் காசநோய்க்கு மேலை மருத்துவம் வைத்திருந்த மரியாதையான தீர்வு சானடோரியம். நல்ல காற்று, ஓய்வு, முட்டை, பால். சேரியில் இருக்கிறவனுக்கு அது எட்டாது. இருந்த படுக்கைகளோ சொற்பம். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிசிகிச்சை மையம் 193 நோயாளிகளைக் குலுக்கல் போட்டதுபோல் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி சானடோரியத்தில், ஒரு பாதி நெருக்கடியான தன் வீட்டில். மருந்து இருவருக்கும் ஒன்றே. 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்கள் அரைவயிறு உண்டார்கள், வேலைக்கும் போனார்கள். ஆனாலும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டாருக்கும் அதனால் கூடுதலாக நோய் ஒட்டவில்லை. ஐரோப்பா பல பத்தாண்டுகளாகப் போற்றிவந்த ஒரு மருத்துவ நம்பிக்கை சென்னையின் குடிசையில் உடைந்தது. உலகம் முழுக்க ஏழைக் காசநோயாளி வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடலாம் என்றானதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இங்கே யாருடைய அதிகாரம் கட்டுடைக்கப்பட்டது? ஃபூக்கோவை மேற்கோள் காட்டாமலே மருத்துவ நிறுவனத்தின் அதிகாரத்தை அசைத்தது அந்த 193 பேரின் ஒப்பீடு. ஒப்பீடு ஒரு ஆயுதம். எந்தப் பெரியவரின் வாக்கையும் – டீன் ஆனாலும் சித்தர் ஆனாலும் – 'பக்கத்தில் இன்னொருவனை வைத்துப் பார்ப்போம்' என்று சொல்லவைக்கிற ஆயுதம். இதை மேற்குக்கு எழுதிக்கொடுத்துவிட்டு நாம் வெறுங்கையோடு நிற்பது எந்த வகையில் காலனிய எதிர்ப்பு?

பச்சிலைக்காரர்களுக்கும் இந்த ஆயுதம் எதிரி இல்லை. சீனத்து டூ யூயூ 1,600 ஆண்டுப் பழமையான ஒரு மருத்துவக் குறிப்பிலிருந்து மலேரியாவுக்கான பச்சிலையை எடுத்தார். முதலில் கேட்கவில்லை. மருந்தைக் காய்ச்சச் சொல்லாமல் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்ததைக் கவனித்து, சூடுதான் கெடுக்கிறதோ என்று ஐயப்பட்டு, குறைந்த வெப்பத்தில் சாறு இறக்கினார். 1971இல் அது எலியிடம் கேட்டது, பிறகு மனிதரிடமும். 2015இல் நோபல். சுவடியை அவர் கும்பிடவில்லை, விசாரித்தார். 'எங்கள் ஊர்க் கீழாநெல்லி வேறு, தாய்லாந்துக் கீழாநெல்லி வேறு. பறிக்கிற பருவம் வேறு' என்று நம்மவர்கள் சொல்வதும் இதே வகை ஐயம்தான். நியாயமான ஐயம். ஆனால் டூ யூயூவுக்கு ஐயம் அடுத்த சோதனையின் தொடக்கம். நமக்கு விவாதத்தின் முடிவு.

நித்தியகல்யாணியின் கதை இன்னும் சுவாரசியமானது. சுடுகாட்டுப்பூ என்று நாம் ஒதுக்குகிற செடி. சர்க்கரை நோய்க்கு நல்லதென்று பல நாடுகளில் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். 1950களில் கனடாவில் சோதித்தபோது சர்க்கரை அசையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன. ரத்தப் புற்றுக்கும் நிணநீர்ப் புற்றுக்கும் இன்றுவரை கொடுக்கப்படும் இரண்டு மருந்துகள் அதிலிருந்து வந்தன. மரபின் சொல்லை அப்படியே நம்பியிருந்தாலும் கிடைத்திருக்காது. அப்படியே தள்ளியிருந்தாலும் கிடைத்திருக்காது.

6

நம் சட்டம் எந்தப் பக்கம்? மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டம் (1940), ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளைத் தனியாக வைத்திருக்கிறது. அதன் முதல் அட்டவணையில் நூல்களின் பட்டியல் ஒன்று உண்டு. அந்த நூல்களில் செய்முறை இருந்தால், புதிய ஆங்கில மருந்துக்குக் கேட்கிற மாதிரியான மருத்துவச் சோதனை கேட்கப்படுவதில்லை. அதாவது பிரதியே சான்று. ஆசிரியன் இறந்துவிட்டான், பிரதிக்கு வெளியே எதுவுமில்லை என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிய நமது விமர்சகர்கள் இந்த ஒரு பிரதிவழிபாட்டின் முன் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பது ஏன் என்று தெரியவில்லை. நோயாளி பிரதிக்கு வெளியேதானே இருக்கிறான்?

2017 டெங்கு நாட்களில் நிலவேம்புக் குடிநீர் விஷயத்தில் இது பகிரங்கமாயிற்று. ஆராய்ச்சி முடியும்வரை விநியோகிக்க வேண்டாம் என்று தன் இயக்கத்தாரிடம் கமல்ஹாசன் சொன்னார். காவல்துறையில் புகார் வரை போயிற்று. சொன்னது சரியா தவறா என்று யாரும் பார்க்கவில்லை. யார் தமிழர் என்று பார்த்தார்கள். டெங்குக் காய்ச்சலும் பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் தானாக இறங்குவது, கொசு நகராட்சியின் பொறுப்பு – கீழாநெல்லியின் கதையே மறுபடியும். 2020இல் கபசுரக் குடிநீர் வந்தபோது கேள்வியே அநேகமாக நின்றுபோயிற்று. எதிர்ப்புச்சக்திக்கு என்று அந்தக் காலத்தில் சீந்தில் கொடியைத் தினம் குடித்தவர்களில் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். பச்சிலைக்குச் சக்தி உண்டென்றால் கெடுக்கிற சக்தியும் உண்டுதானே. 'பக்கவிளைவே இல்லை' என்பது மருந்தைப் புகழ்வதா, அது ஒன்றுமே செய்யாது என்று ஒத்துக்கொள்வதா?

7

இவ்வளவுக்குப் பிறகும் ஜனங்கள் ஏன் போகிறார்கள்? அறியாமை என்று பகுத்தறிவாளர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. வைத்தியர் நாடி பிடிக்கிறார். தொடுகிறார். என்ன சாப்பிட்டாய், தூக்கம் வருதா, வீட்டில் ஏதும் விசனமா என்று கேட்கிறார். 'கைராசி' என்று நாம் சொல்வது இந்தக் கவனிப்பில் விளைகிற ஆறுதலைத்தான். வலியையும் குமட்டலையும் அது கொஞ்சம் தணிக்கவும் கூடும். கட்டியைக் கரைக்காது, கிருமியைக் கொல்லாது. அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு 'அடுத்து' என்று விரட்டப்பட்டவனுக்கு இந்த ஆறுதல் அற்பமில்லை. அலோபதி கைவிட்ட இடத்தில்தான் கைராசி கடை விரிக்கிறது. ஆனால் ஆறுதலைக் கொடுத்துவிட்டு அதற்கு நிவாரணம் என்று பெயரிட்டால் அது மோசடி. பலன் நிரூபிக்கப்படாத லிவர் டானிக்கைச் சீட்டில் எழுதுகிற ஆங்கில டாக்டருக்கும் இது பொருந்தும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி 2022இல் இந்தியாவில் ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்தவர்கள் ஏறத்தாழ 2.98 கோடிப் பேர். பிறந்தவுடன் தொற்றுகிற குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு அது தங்கிவிடுகிறது. பல வருஷம் கழித்து ஈரல் சுருங்குகிறது, புற்றாகிறது. இதைத் தடுக்கத் தடுப்பூசி உண்டு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். கிருமியை அடக்கிவைக்க மாத்திரை உண்டு. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தன் காமாலை எந்தக் காமாலை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாதவனுக்கு இவை எதுவும் போய்ச் சேராது.

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பார்கள். மருந்துக்கும் தவணை உண்டு, அதற்குள் கேட்காவிட்டால் வேறு பார் என்ற எச்சரிக்கையை நான் அதில் காண்கிறேன். நம் மரபில் இதுவும் இருக்கிறது. ஏடு படிக்காதவர்களின் மரபு என்பதாலோ என்னவோ மேடையில் இதை யாரும் சொல்வதில்லை. சித்த மருத்துவக் கல்லூரிகளும் ஆராய்ச்சி நிறுவனங்களும் மக்கள் வரிப்பணத்தில் நடக்கின்றன. தோற்ற சோதனைகளையும் அவை தமிழில் அச்சிட்டு வெளியிடட்டும். கீழாநெல்லியை இன்னொரு முறை, நம் ஊர்ச் செடியைக்கொண்டே, தக்க ஒப்பீட்டோடு சோதிக்கட்டும். கேட்டால் அதைவிட மலிவான மருந்து உலகில் இல்லை. கேட்காவிட்டால் அதையும் அதே குரலில் சொல்லட்டும். அதுவரை கண் மஞ்சளாகிற எவரும் முதலில் ரத்தத்தைக் கொடுத்து அது எந்த நோய் என்று தெரிந்துகொள்வதைத் தமிழ்த் துரோகம் என்று யாரும் சொல்லாதிருந்தால் போதும்.